ரீவ்: சொல் விளக்கம்

கனடாவின் நாட்டுப்புற ஊர் வரலாறுகளில் பழைய அரசியல்வாதிகளின் பெயரோடு 'ரீவ்' என்ற பதவி அடிக்கடி வரும். தமிழில் எழுதும்போது 'மேயர்' என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் மேயர் பட்டணத்து ஆள். ரீவ் என்பவர் பண்ணைகளும் சிற்றூர்களும் சேர்ந்த டவுன்ஷிப் மன்றத்தின் தலைவர்.

சொல் பழைய ஆங்கிலத்து 'கெரேஃபா'விலிருந்து வந்தது. அரசருக்காகவோ நிலக்கிழாருக்காகவோ வரி தண்டி, நிலபுலன்களை மேற்பார்த்தவருக்கு அந்தப் பெயர். நம் மணியக்காரர் போல. 'ஷயர்' என்ற மாவட்டப் பிரிவுக்கு ரீவாக இருந்தவர்தான் ஷெரீப் ஆனார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தப் பதவி ஊன்றியது அன்றைய அரசியல் தலைவர் ராபர்ட் பால்ட்வின் கொண்டுவந்த 1849ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தால். 1850 முதல் டவுன்ஷிப்புகளுக்குத் தேர்தலில் அமைந்த மன்றங்கள் வந்தன. மன்றத்துக்கு வந்த விவகாரங்களைப் பார்த்தால் அசல் கிராமம்தான்: சாலை, பாலம், வடிகால், எல்லைத் தகராறு. வேலிச் சண்டையைத் தீர்க்க 'வேலி பார்ப்பவர்' என்றே ஒருவரை நியமித்தார்கள். ஊர்மேயும் மாட்டை அடைக்கப் பட்டிக்காரர் ஒருவர். பல டவுன்ஷிப்புகள் சேர்ந்தது கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. ரீவ் அந்தக் கவுண்டி மன்றத்திலும் உட்காருவார். அதனால் பெரிய அரசியலுக்கு அது நல்ல முதல் படி.

சிம்கோ கவுண்டியில் பாரி நகருக்குப் பக்கத்தில் கிரவுன் ஹில் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் விவசாயி சார்லஸ் ட்ரூரி, ஓரோ டவுன்ஷிப்பின் ரீவாக இருந்தவர். 1888இல் ஒன்டாரியோவின் முதல் வேளாண் அமைச்சர் ஆனார். மகன் எர்னஸ்ட் ட்ரூரியின் கதை இன்னும் சுவாரசியம். 1919 தேர்தலில் ஐக்கிய விவசாயிகள் கட்சி அதிக இடங்களைப் பிடித்தது. கட்சிக்காரர்களே எதிர்பார்க்கவில்லை, முதல்வர் யார் என்றுகூட முடிவாகியிருக்கவில்லை. தேர்தலில் நிற்காத எர்னஸ்ட்டைக் கூப்பிட்டு முதல்வராக்கினார்கள். இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் வந்தார். 1923இல் ஆட்சி போனது. அப்புறம் 1934இல் சிம்கோ கவுண்டியின் ஷெரீப் ஆனார். துப்பாக்கி செருகிய அமெரிக்க ஷெரீப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது நீதிமன்ற நிர்வாக வேலை. ஆக, அப்பா ரீவ், மகன் 'ஷயர் ரீவ்'.

ஓரோ 1994இல் மெடோன்ட்டோடு இணைந்து ஓரோ-மெடோன்ட் ஆனது. இப்போது அங்கே தலைவருக்கு மேயர் என்றே பெயர். கனடாவின் இன்னொரு மாகாணமான சஸ்காட்செவனின் ஊரக உள்ளாட்சிகளில் ரீவ் இன்றும் இருக்கிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இடைக்கால இங்கிலாந்து என்றால் மணியக்காரர் கச்சிதம். கனடா என்றால் அது ஒத்துவராது, அவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர். 'ஊராட்சித் தலைவர்' பரவாயில்லை. ஆனால் டவுன்ஷிப்புக்குள் பல ஊர்கள் அடங்கும். இலங்கையின் பிரதேச சபைத் தவிசாளர் இன்னும் நெருங்கிய பதவி. எனக்குப் பிடித்தது 'ஊரக மன்றத் தலைவர்'. கவுண்டி மன்றத் தலைவரை அங்கே 'வார்டன்' என்பார்கள். அதை அப்படியே எழுதினால் நம் வாசகருக்கு ஹாஸ்டல்தான் ஞாபகம் வரும், 'கவுண்டித் தலைவர்' என்று எழுதிவிடலாம்.