மலையில் எச்.டி. பிரேக்கர்: சட்டம் கேட்கும் கூடுதல் இடைவெளி

நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலை, பெரிய விடுதி, மருத்துவமனை என்று உயர் அழுத்த (எச்.டி.) மின் இணைப்பு வைத்திருப்பவர்கள் பலர், பழைய சுவிட்சையும் ஃபியூசையும் எடுத்துவிட்டு, பழுது வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் வெளிப்புற சர்க்யூட் பிரேக்கர் வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். முதலில் விலை கேட்கிறார்கள், அடுத்து எப்போது வந்து சேரும் என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, நம் இடம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைத்தான்.

வழக்கமாகச் செய்யப்படும் பிரேக்கர்கள் 1000 மீட்டர் உயரம் வரை ஒத்துவரும்படி வடிவமைக்கப்பட்டவை. ஊட்டி சுமார் 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, மெலிந்த காற்று மின்சாரத்தைத் தடுக்கும் திறனில் குறைகிறது. கம்பி பிரேக்கருக்குள் நுழையும் இடத்தில் காப்பாக நிற்கும் பீங்கான் உறைக்குப் புஷிங் என்று பெயர். கோவையில் தாங்கும் அதே புஷிங்கின் மேல் ஊட்டியில் இடி மின்னலின் அழுத்தம் வந்து விழுந்தால் வெளிப்பக்கமாகப் பொறி தாவிவிடலாம். மின்பாதையைத் துண்டிக்கும், உள்ளே இருக்கும் வெற்றிடக் குடுவைக்கு இந்தக் கவலை இல்லை. வெளிக்காற்றை நம்பியிருக்கும் பாகங்களுக்குத்தான் கவலை. 11 கிலோவோல்ட் இணைப்புக்கு வழக்கமாக வாங்கும் 12 கிலோவோல்ட் வகை பிரேக்கர் 75 கிலோவோல்ட் மின்னல் அழுத்தம் தாங்கும் என்று முத்திரையிடப்பட்டிருக்கும். ஊட்டி உயரத்துக்குத் திருத்தம் போட்டால் சுமார் 16 சதவீதம் கூடுதலாக, அதாவது 87 கிலோவோல்ட் தாங்குவது தேவை. ஆகவே அடுத்த படியான 95 கிலோவோல்ட் காப்பு உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே உயரத்தை எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சமவெளிக்கான சரக்குதான் மலையேறும்.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்டவை. முதல் சந்தேகம், பிரேக்கர் கட்டாயமா என்பது. 11 கிலோவோல்ட் நுகர்வோரிடம் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்களின் மொத்தத் திறன் 1000 கே.வி.ஏ.வைத் தாண்டினால் கட்டாயம். அதற்குள் இருந்தால் ஃபியூசோடு கூடிய இணைப்பு சுவிட்ச் போதும். சிறிய தேயிலைத் தொழிற்சாலைகள் பல இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு ஃபியூஸ் மட்டும் போனால் மீதி இரண்டு ஃபேஸில் மோட்டார்கள் திணறி ஓடும். கொழுந்து நிரம்பிய நேரத்தில் கொழுந்தை வாட்டும் விதரிங் விசிறியின் மோட்டார் கருகிப்போனால் அந்த நாள் சரக்கும் சேர்ந்து போகும்.

மலைக்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு குறிப்பு, அந்த ஒழுங்குமுறைகளின் இடைவெளி அட்டவணையின் கீழே இருக்கிறது. 12 கிலோவோல்ட் வகைக்குப் பாதுகாப்பான வேலை இடைவெளி, அதாவது மின்சாரம் உள்ள பாகத்துக்கும் ஆள் நின்று வேலை செய்யும் இடத்துக்கும் நடுவில் விட வேண்டிய தூரம், 2.6 மீட்டர். இது 1000 மீட்டர் உயரம் வரைதான் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1.25 சதவீதம் கூட்ட வேண்டும். ஊட்டிக்குக் கணக்குப் போட்டால் 15.5 சதவீதம் கூடுகிறது, 2.6 மீட்டர் ஏறக்குறைய 3 மீட்டர் ஆகிறது. குன்னூரில் சுமார் 2.88. நாற்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இங்கே சமமான இடம் என்பது மலையை வெட்டி எடுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் பழைய யார்டை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக்கரை உள்ளே நுழைக்கப் பார்த்தால் இந்த நாற்பது சென்டிமீட்டரில்தான் இடிக்கும். அப்புறம் மண் வெட்ட வேண்டும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். மழைக்காலமாக இருந்தால் காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் வரிசை முக்கியம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம், உங்கள் அழுத்தத்துக்குச் செல்லும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைப் பிடியுங்கள். அவர் போடும் வரைபடம் மின் ஆய்வுத் துறைக்குப் போய் ஒப்புதல் பெறட்டும். உயரத் திருத்தம் அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஒப்புதல் வந்த பிறகு பிரேக்கருக்கு முன்பணம் கொடுங்கள். வேலை முடிந்ததும் மின் ஆய்வாளர் நேரில் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் மின்சாரம் ஏற்றலாம். முதலில் வாங்கிப் போட்டுவிட்டு வரைபடத்தை அதற்கேற்ப வளைப்பது செலவை இரட்டிப்பாக்கும் வழி.

நிறுவும் நாளில் மின்வாரியத்திடம் எழுத்தில் லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், வேலை செய்யலாம் என்ற அனுமதி வாங்க வேண்டும். போனில் சொன்னது செல்லாது. வாங்கியவரே வேலை முடிந்து ஆட்கள் எல்லாம் வெளியே வந்ததை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை (ஏர் பிரேக் சுவிட்ச்) திறந்து பூட்டுப் போட்டு, சாவியை அவர் பையில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்து, வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் எர்த் போட வேண்டும். தொழிற்சாலைப் பக்கம் எதற்கு என்று கேட்பார்கள். ஜெனரேட்டரோ கூரை சோலாரோ தவறான வழியில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர் அழுத்தமாக்கி உங்களிடமே அனுப்பும்.

பிரேக்கரின் ஸ்பிரிங் இன்னொரு ஆபத்து. மின்சாரமே இல்லாவிட்டாலும், இழுத்து நிறுத்தப்பட்ட ஸ்பிரிங் விரலை நசுக்கும். தூக்கும்போதும், பெட்டியைத் திறந்து கை வைக்கும்போதும் பிரேக்கர் திறந்த (மின்பாதை துண்டித்த) நிலையில், ஸ்பிரிங் தளர்ந்த நிலையில் இருக்க வேண்டும். கயிறு அதற்கான கொக்கியில்தான். புஷிங்கைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

பிரேக்கர் மூடியிருக்கும்போது (மின்பாதை இணைந்திருக்கும்போது) ஐசொலேட்டர், அதாவது லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச், நகரவே கூடாது. அப்படித் தடுக்கும் பூட்டு அமைப்பான இன்டர்லாக், சட்டம் கேட்பது. பிரேக்கரின் உலோக உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும். பாறை மண்ணில் ஒரு குழி போதாமல் போனால் பல மின்முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். அளந்து எழுதி வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சிறு ஹீட்டரை அணைக்காதீர்கள். இங்கத்திய மூடுபனியில் ஈரம் கோத்துத்தான் டிரிப் சுற்று, அதாவது பழுதின்போது பிரேக்கரைத் திறக்கச் செய்யும் சுற்று, கெடும். குளிரில் பேட்டரியின் திறனும் குறையும் என்பதால் டிரிப் சோதனையை அதிகாலையில் ஒருமுறை செய்து பாருங்கள்.

வேலியின் உயரம் குறைந்தது 1.8 மீட்டர். அது சட்டத்தின் அளவு. குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் காட்டெருமைக்கு அது அவ்வளவு பெரிய தடையில்லை. தூண்களைக் கான்கிரீட்டில் ஊன்றுவது உசிதம். மண்டை ஓட்டுப் படத்தோடு கூடிய அபாயப் பலகையில் தமிழும் இருக்க வேண்டும்.

விபத்து நடந்து உயிர் போனால் தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். உயிர் போகாத காயமானாலும் 48 மணி நேரத்துக்குள் எழுத்துப்பூர்வ அறிக்கை தர வேண்டும். விலங்கு இறந்தாலும் இதே விதிதான். காட்டு விலங்கு என்றால் வனத்துறைக்கும் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை உடலையோ கம்பியையோ நகர்த்தாதீர்கள்.