காற்புள்ளியா, இடைநிறுத்தமா?

ஆங்கிலம் சொல்லித்தரும் காணொளிகளில் இந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டேன்: “கமா என்றால் இடைநிறுத்தக்குறி. மூச்சு விடும் இடத்தில் போட்டால் போதும்.” என் அண்ணன் மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். அவள் கட்டுரை நோட்டில் ‘தி ஓல்டு மேன் நெக்ஸ்ட் டோர், சோல்டு ஹிஸ் கவ்’ என்று ஒரு வரி. ‘டோர்’ வந்ததும் மூச்சு வாங்கியிருக்கிறாள், கமாவும் போட்டுவிட்டாள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கிரேக்கத்தில் ‘கொம்மா’ என்றால் வெட்டிய துண்டு. வாக்கியத்தின் சிறு துண்டுக்கு இருந்த பெயர், பிறகு அது முடியும் இடத்தில் வைக்கும் குறிக்கு வந்தது. இன்றைய வால் வடிவம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சகத்திலிருந்து பரவியது. தமிழில் காற்புள்ளி: கால் + புள்ளி. கால், அரை, முக்கால், முற்று என்ற வரிசையில் முதல் படி. பொருள் நாலில் ஒன்றுதான். ஆனால் புள்ளிக்குக் கால் முளைத்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டால் நான் திருத்துவதில்லை, வடிவம் மறக்காது.

இதில் ‘இடைநிறுத்தம்’ எங்கிருந்து நுழைந்தது? நிறுத்தற்குறிகள் என்பது மொத்தக் குடும்பத்தின் பெயர். வீட்டுப் பெயரை ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? இலங்கைச் செய்திகளில் இடைநிறுத்தம் என்றால் வேலையிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக விலக்கிவைப்பது. அதுவும் போகட்டும். என் சண்டை அந்த மூச்சோடுதான்.

காற்புள்ளி என்ற பெயரும் நிறுத்தும் அளவைத்தானே சொல்கிறது என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 1762இல் ராபர்ட் லோத் எழுதிய ஆங்கில இலக்கணமே அரைப்புள்ளிக்குக் கமாவைப் போல் இரண்டு மடங்கு நேரம் நிறுத்தச் சொன்னது. ஆனால் காற்புள்ளி ஒரு பெயரோடு நின்றுகொள்கிறது. இடைநிறுத்தமோ விதியாகவும் வேலை பார்க்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் கமா துண்டுகளைப் பிரித்துக் காட்டும் குறி, மூச்சு அதற்குக் கணக்கே இல்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு அது கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ‘ஆர்’ என்பதற்கு முன்னால் கமா இல்லை. அப்படியானால் விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொதி கட்டுவது மட்டும்தானா? ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொதி கட்டவில்லை. சட்டம் தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசியது. அந்த வரியை எத்தனை முறை மூச்சுவிட்டுப் படித்தாலும் விடை கிடைக்காது.

தமிழ் எழுதுகிறவனுக்கு இது பிடிபடாததில் ஆச்சரியமில்லை. ‘அரிசியும் பருப்பும் புளியும்’ என்றால் கமாவே வேண்டாம், ‘உம்’ அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ‘அரிசி, பருப்பு மற்றும் புளி’ என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். மளிகைக்கடைப் பலகை வரைக்கும் அந்த ‘மற்றும்’ வந்துவிட்டது. கூடவே ‘ஆனால்,’ ‘எனவே,’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வால். ஆங்கிலத்தில் போட வேண்டிய இடத்தில் போடத் தெரியாது, தமிழில் வேண்டாத இடத்தில் தெளிப்பு.

நேற்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘மை பிரதர் ஹூ இஸ் இன் தேர்டு ஸ்டாண்டர்டு இஸ் சிக்’ என்று எழுதிக் காட்டினேன். கமா இல்லாவிட்டால் உனக்குப் பல தம்பிகள், அதில் மூன்றாம் வகுப்பு படிக்கிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆகும் என்றேன். சற்று யோசித்தாள்.

“எனக்கு ஒரே தம்பிதானே சித்தப்பா?”

‘பிரதர்’ பக்கத்தில் ஒன்று, ‘ஸ்டாண்டர்டு’ பக்கத்தில் ஒன்று. மூச்சே விடாமல் போட்டாள்.