கன்சர்ட்டோ: தமிழில் உறழிசை

மேற்கத்தியச் செவ்விசையில் கன்சர்ட்டோ என்றதும், பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்க, முன்னால் ஒருவர் பியானோவோ வயலினோ வாசிப்பதுதான் நினைவுக்கு வரும். தமிழில் 'தனிக்கருவி இசை' என்று பெயர் வைத்துவிடலாம் போலத் தோன்றும். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட்டிடம் (1905–1998) வந்தால் அந்தப் பெயர் நிற்காது.

1938-39இல் அவர் எழுதிய 'இரட்டைத் தந்தி இசைக்குழுக்களுக்கான கன்சர்ட்டோ'வில், தனிக் கலைஞரை முன்னே நிறுத்தவில்லை. வயலின் முதல் டபுள் பாஸ் வரை முழுமையான இரண்டு குழுக்கள். எது முதன்மை, எது பக்கவாத்தியம் என்ற பேச்சே இல்லை. ஒன்று எடுத்ததை மற்றது வாங்கிக்கொள்ளும். ஒன்றின் தாள அழுத்தம் விழுகிற இடத்தில் மற்றதன் அழுத்தம் விழாமல் போக்குக் காட்டும். அப்புறம் எங்கோ இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

சொல்லின் கதையும் இப்படித்தான். லத்தீனில் 'கொன்செர்தாரே' என்றால் போட்டியிடுதல், வாதாடுதல். இத்தாலியத்தில் அதே வினை, ஒத்திசைந்து ஏற்பாடு செய்தல் என்று பொருள் மாறிவிட்டது. 1587இல் வெனிஸில் அச்சான, இசையமைப்பாளர்களான ஆந்த்ரேயா, ஜொவான்னி கேப்ரியேலிகளின் தொகுப்புக்கே 'கொன்செர்த்தி' என்றுதான் பெயர். அதில் இருந்தவை குரல்களும் வாத்தியங்களும் கூடும் இசை. தனி வித்வான் வந்து மேடையைப் பிடித்துக்கொண்டது பிறகுதான். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி காலத்து 'கன்சர்ட்டோ க்ரொஸ்ஸோ'வில் இரண்டு வயலின், ஒரு செல்லோ கொண்ட சிறுகுழு பெருங்குழுவோடு மாறி மாறிப் பேசும். கொரெல்லியின் 300ஆவது பிறந்த ஆண்டான 1953இல், டிப்பெட் அவருடைய ஒரு மெட்டை எடுத்து, அதே மூன்று வாத்தியங்களைத் தந்திக்குழுவோடு மோதவிட்டார். 1963இல் 'ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கன்சர்ட்டோ'வில் இன்னும் ஒரு படி மேலே போய், முழு ஆர்க்கெஸ்ட்ராவையே சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்தார். ட்யூபாவும் பியானோவும் ஒரு ஜோடி என்றால் பாருங்கள்!

சரி, தமிழில் என்ன சொல்வது? எனக்குப் பிடித்தது 'உறழிசை'. 'உறழ்தல்' என்பதற்கு மாறுபடுதல் என்றும் பொருள், ஒத்தல் என்றும் பொருள். தொல்காப்பியத்தில் 'உறழ்கலி' என்பது கூற்றும் மாற்றமுமாக, உரையாடலாகவே நடக்கும் பாவகை. கன்சர்ட்டோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அகராதியில் எனக்குத் தட்டுப்படவில்லை. பியானோ உறழிசை, வயலின் உறழிசை, 1963இன் படைப்புக்குப் பல்லிய (பல வாத்திய) உறழிசை என்று கூட்டுச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன.

பேச்சில் கன்சர்ட்டோ என்றே சொல்லுங்கள், குற்றமில்லை. 'கச்சேரி' மட்டும் வேண்டாம். அது நிகழ்ச்சியின் பெயர், படைப்பின் பெயரல்ல.