சீட்டில் உள்ள எண்ணும் பினாங்கு மழையும்

பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு துணி ஆலையின் தரச் சோதனைக்கூடத்தில் பணியாற்றுகிறேன். பினாங்கின் கொடிமலைக்கோ சபாவின் கினபாலு மலைக்கோ புறப்படுமுன் மழை ஜாக்கெட் வாங்க நினைக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நீர்புகாமை பத்தாயிரம் என்று எழுதியிருப்பது போதுமா, இருபதாயிரம்தான் வாங்க வேண்டுமா? பேரங்காடிக் கடையில் ஜாக்கெட்டோடு தொங்கும் சீட்டில் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். அந்த எண் எந்தச் சோதனையில், எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் கிடைத்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அதை அறியாமல் எண்ணை மட்டும் நம்பி நூற்றுக்கணக்கான ரிங்கிட்டைக் கொடுப்பது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

நீர்புகாமையைக் குறிக்கும் 10,000 மில்லிமீட்டர் என்ற அளவு, துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம்; ஐஎஸ்ஓ 811 என்ற பன்னாட்டுத் தரச் சோதனையிலோ அதையொத்த ஒன்றிலோ கிடைப்பது. 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தில் நீரழுத்தத்தை நிமிடத்துக்கு 60 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஏற்றிக்கொண்டே போவோம். மறுபக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், குண்டூசித் தலை அளவில் ஒரு துளி முளைக்கும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. மூன்றாவது இடத்தில் துளி தோன்றும்போது கருவி காட்டும் அழுத்தமே முடிவு. பத்தாயிரத்தைத் தொட ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். சோதனை நேர்மையானதுதான். ஆனால் வளையத்தில் இருப்பது பெரும்பாலும் தையல் இல்லாத, துவைக்காத, முதுகுப்பையின் பட்டை ஒருநாளும் உராயாத புதுத் துணி. மழையில் ஜாக்கெட் ஒழுகுவதோ தோள் தையலில், ஜிப்பில், கழுத்தில், கைமுனையில். இருபதாயிரம் தாங்கும் துணியில் தைத்த ஜாக்கெட்டில், தையல் ஓட்டைகளை மூடி ஒட்டிய நாடா உரிந்திருந்தால், நாடா சரியாக ஒட்டிய ஐயாயிரமே மேல். மழையில் வேலை செய்வோரின் உடைக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 343, தையலையும் சோதிக்கச் சொல்கிறது. மேல் வகுப்புகளுக்குத் துணியைத் துவைத்து, உராய்த்து, மடித்துப் பழசாக்கிய பிறகே சோதிக்கச் சொல்கிறது. பொழுதுபோக்கு ஜாக்கெட்டின் சீட்டில் இப்படிப்பட்ட விவரத்தைக் காண்பது அரிது.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் நம் ஊரில் நேர்வது 'பிரீத்தபிள்' என்ற உறுதிமொழியில்தான். வியர்வை ஆவி துணி வழியே வெளியேறும், உடல் உலர்ந்தே இருக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. ஆவி தானாக வெளியேறாது. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். வியர்த்த தோலின் வெப்பம் 35 பாகை என்று கொண்டால், அங்கே ஆவியழுத்தம் ஏறக்குறைய 5.6 கிலோபாஸ்கல். ஐரோப்பிய இலையுதிர் காலத்தில், 10 பாகையில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தாலும் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் 1 கிலோபாஸ்கல்தான், வேறுபாடு 4.6. அதே 80 விழுக்காடு ஈரப்பதம் பினாங்கில் 30 பாகையில் இருந்தால் வெளிக்காற்றில் 3.4 இருக்கும்; வேறுபாடு 2.2 ஆகச் சுருங்கிவிடும். துணி அதேதான், தைத்தவரும் அவரேதான். ஆவியை வெளியே தள்ளும் விசை மட்டும் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலை உச்சிக்குச் செல்லும் செங்குத்தான ஜீப் பாதையில் அந்த ஜாக்கெட்டை அணிந்து ஏறுகிறவர் வெளியே மழையாலும் உள்ளே வியர்வையாலும் நனைவது இயற்பியலின்படி நடக்க வேண்டியதே. ஜாக்கெட் போலி என்று அவர் முடிவு கட்ட வேண்டியதில்லை. அது வேறு வானிலைக்கென உருவான பொருள்.

ஆவி வெளியேறுவதை அளக்கும் சோதனைகளும் ஒன்றுபோல இல்லை. வியர்த்த தோலைப்போல் ஈரமும் சூடும் உள்ள தட்டின் மேல் துணியை வைக்கும் ஐஎஸ்ஓ 11092 சோதனை 35 பாகையிலும் 40 விழுக்காடு ஈரப்பதத்திலும் நடக்கிறது. ஜப்பானின் ஜிஸ் எல் 1099 பி1 முறையில் துணியின் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் பொட்டாசியம் அசிட்டேட் கரைசலும் இருக்கின்றன. நீரை ஊற்றிய கிண்ணத்தின் மேல் துணியை மூடி வைக்கும் அமெரிக்க ஏஎஸ்டிஎம் இ96 முறையில் கிடைப்பதைவிட அதே துணிக்கு இந்த ஜப்பானிய முறையில் பல மடங்கு பெரிய எண் வந்துவிடுகிறது. எண் என்பது ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியே செல்லும் ஆவியின் எடை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 20,000 கிராமையும் இன்னொன்றின் 8,000 கிராமையும், முறையின் பெயர் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. கடைக்காரரிடம் கேளுங்கள்: "எந்த முறையில் சோதித்தது, அண்ணே?" விடை கிடைக்காவிட்டால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை தராதீர்கள்.

மழைத்துளி உருண்டோடும்படி துணியின் வெளிப்புறத்தில் பூசப்படும் நீர்விலக்கிப் பூச்சு காலப்போக்கில் தேய்ந்துபோவது. அது போய்விட்டால் வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டும். உள்ளே நீர் புகாவிட்டாலும், ஆவி செல்லும் வழி அடைபடும். துவைத்து, பராமரிப்புக் குறிப்பு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் ஓரளவு மீளும். இப்பூச்சைப் பற்றி 'பிஎஃப்ஓஏ இல்லை' என்று பெருமையாக அச்சிடுகிறார்கள். பிஎஃப்ஓஏ என்பது, சூழலில் எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் எனும் ஃபுளோரின் வேதிப்பொருள் குடும்பத்தில் ஒன்று மட்டுமே; அத்தகைய நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது 2019-ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது. அது இல்லாத பூச்சில் அதே குடும்பத்தின் வேறு உறுப்பினர் இருக்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் துணிகளில் அந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தத் தொடங்கியது. முழுக் குடும்பமும் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அந்த உறுதிக்கு மதிப்பு உண்டு. பிஎஃப்ஏஎஸ் இல்லாத புதிய வகைப் பூச்சுகள் எண்ணெயை விலக்குவதில் பலவீனமானவை. சன்ஸ்கிரீனும் உடல் எண்ணெயும் படிந்தால் நீர்விலக்கும் தன்மை குன்றும். ஆகவே அவற்றை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

விளம்பரம் பேசாமல் விடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "தம்பி, இத நாலஞ்சு தடவைக்கு மேல போட்டதே இல்ல, பாருங்க" என்று நீட்டினார். உள்பக்கம் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. மடிப்பு இருந்த இடமெல்லாம் பூச்சு வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. புளித்த வாடை வேறு. இது நீராற்பகுப்பு. மலிவான ஜாக்கெட், முதுகுப்பை, கூடாரம் பலவற்றில் பூசப்படும் எஸ்டர் வகைப் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து முறிந்துபோகிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. குளிர்நாட்டில் நெடுங்காலம் தாங்கும் பூச்சு, நம் அலமாரியில் அணியாமலே கெட்டுவிடும். மலையேற்றக் காலணியின் அடிப்பகுதியில் இருக்கும் பாலியூரித்தேன் மெத்தைக்கும் இதுவே கதி. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த விலையுயர்ந்த காலணியின் அடித்தோல் பாதி மலையில் கழன்று விழுவதை நம் மலையேறிகள் அடிக்கடி பார்க்கிறார்கள். கால் பிசகினால் ஆபத்து என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சில ஆண்டுகள் கிடப்பில் இருந்த காலணியைப் பயணத்துக்கு முன் வளைத்துப் பாருங்கள், கட்டைவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள், வீட்டருகே ஓரிரு முறை நடந்து பாருங்கள். வழிகாட்டிகள் பலர் அணியும், நாம் கம்போங் அடிடாஸ் என்றழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி முழுவதும் ஒரே வார்ப்பு. கழன்று விழத் தனி அடி அதில் கிடையாது. மலிவு என்பதால் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

'விரைவில் உலரும் தொழில்நுட்பம்' என்ற பெயரில் விற்கும் சட்டைகளுக்குப் பெரும்பாலும் சாதாரண பாலியஸ்டரின் இயல்பே காரணம். பருத்தி இழை தரப்படுத்திய ஆய்வுச் சூழலில் தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். மெல்லிய பாலியஸ்டராக இருந்தால், காற்பந்து ஜெர்சியும் அதேபோல் உலரும். துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவான யுபிஎஃப் விஷயத்தில், இந்த அளவீட்டை உருவாக்கிய ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரத்தில் மிக உயர்ந்த வகுப்பு 50+. அதாவது புற ஊதாக் கதிரில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஊடுருவக் கூடாது. யுபிஎஃப் 100 என்று எழுதியிருந்தால் அது அந்தத் தரப்படியான எண் அன்று. தலைவிளக்கு வாங்குவோர் எஃப்எல்1 தரக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தரத்தில் லூமென் எனும் ஒளி அளவு, விளக்கை ஏற்றிய 30 முதல் 120 நொடிக்குள் எடுக்கப்படுகிறது. எரியும் நேரமோ ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கிடப்படுகிறது. ஆக, 'நூறு மணிநேரம்' என்பதில் பெரும்பகுதி மங்கல் ஒளியாக இருக்கலாம். மலையிறங்கும்போது இருட்டிவிட்டால் இந்த வேறுபாடு காலடியில் தெரியும்.

விலையுயர்ந்த ஜாக்கெட் எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4,095 மீட்டர் உயரக் கினபாலு உச்சியில் விடியற்காலைக் குளிரில், காற்றோடு மழையும் சேர்ந்தால், ஆவியை வெளியேற்றும் நல்ல ஜாக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்யும். அங்கே நனைவது உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகைய பயணம் போகிறவர் தையல் நாடாவைக் கண்ணால் பார்த்து, தலைமூடியை அணிந்து பார்த்து வாங்கட்டும். பினாங்கின் தாழ்வான பாதைகளுக்கு, அக்குளில் திறக்கும் ஜிப் உள்ள எளிய ஜாக்கெட்டோ தளர்வான போஞ்சோவோ போதும். மாற்றுச் சட்டையை நெகிழிப்பையில் கட்டி எடுத்துச் செல்வது எந்த ஜாக்கெட்டுத் துணியையும்விட உடம்பை உலர்வாக வைக்கும். இடி மின்னல் இருந்தால் திறந்த முகட்டில் குடை பிடித்து நிற்காதீர்கள்.

சொன்னதற்கு மாறான பொருளை வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொய்யான வணிக விவரிப்பு, மலேசியாவின் 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட்வரை இழப்பீடு கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் கேட்கும் உரிமை உண்டு. வாங்கும் அன்றே விற்பனைப் பக்கத்தையும் சீட்டையும் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எழுந்த பின் அந்தப் பக்கத்தின் வாசகத்தை விற்பவர் மாற்றிவிட்டால், பிறகு உங்கள் கையில் இருக்கும் படம்தான் சான்று.