சி.பி.ஆர்.: சொல்லும் செயலும்

"சி.பி.ஆர். சிகிச்சை அளித்தும் பலனின்றி" என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. சிகிச்சை என்று எழுதியதும் அது டாக்டர் வேலையாகிவிடுகிறது, பக்கத்தில் நிற்பவர் கையைக் கட்டிக்கொள்கிறார். உண்மையில் சி.பி.ஆர். என்பது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவி; அது பக்கத்தில் நிற்பவரின் வேலை.

விரித்தால் கார்டியோ பல்மனரி ரிசசிடேஷன். முதல் சொல்லுக்கு மூலம் இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அடுத்ததற்கு நுரையீரலைக் குறிக்கும் லத்தீன் சொல். மூன்றாவதன் லத்தீன் வேருக்கு 'மறுபடி தட்டி எழுப்புதல்' என்று பொருள். வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை 1950களில் பீட்டர் சஃபார் முதலான மருத்துவர்கள் நிலைநாட்டினார்கள். மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தும் முறையை 1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் வெளியிட்டார்கள். கூவன்ஹோவன் மருத்துவரே அல்லர், மின்பொறியாளர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'இதய மசாஜ்'. அந்தப் பெயரைக் கேட்டு இன்றும் நெஞ்சைத் தடவிக் கொடுப்பவர்கள் உண்டு. தடவுவதால் ஒரு பயனும் இல்லை.

தமிழில் 'இதய நுரையீரல் புத்துயிர்ப்பு', 'மீளுயிர்ப்பு' என்று எழுதுகிறார்கள். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல் என்றும் பொருள் உண்டு. பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர். ஆகவே மீளுயிர்ப்பு பிழையில்லாத சொல். ஆனாலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு நெரிசலில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது "மீளுயிர்ப்பு கொடுங்கள்" என்றால் யார் கை நீளும்? செய்ய வேண்டியதைச் சொல்லும் 'மார்பழுத்தம்' என்பதே என் தேர்வு. 'நெஞ்சழுத்தம்' என்று வைக்க முடியாது. அது வேறு குணத்துக்குப் பெயர்; அந்த ஆட்களுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை.

இன்னொரு குழப்பம் மாரடைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு. மாரடைப்பு வந்தவருக்கு வியர்க்கும், வலிக்கும், பேசவும் செய்வார். அவரை அழுத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதயம் ரத்தத்தை வெளியேற்றுவதை அடியோடு நிறுத்திவிடுவது இதய நிறுத்தம். மாரடைப்பு அதில் போய் முடியலாம். மின்சாரம் தாக்கியும் நீரில் மூழ்கியும்கூட அது வரலாம். மார்பழுத்தம் இதற்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வீடுகளில் புழங்கும் பேச்சிலேயே சோதனை இருக்கிறது: "மூச்சு பேச்சில்லாமல் கிடக்கிறார்." தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டால் பேச்சில்லை. மார்பைப் பத்து விநாடிக்கு மிகாமல் பார்த்தால் மூச்சில்லை. இரண்டும் இல்லையென்றால் தொடங்கிவிடலாம், நாடி தேடி நேரம் போக்க வேண்டாம். வாயைப் பிளந்து, விட்டு விட்டுக் கொர்ரென்று இழுப்பதையும் மூச்சென்று எண்ணக் கூடாது. "இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று கூட்டம் காத்திருப்பது அந்த நேரத்தில்தான். சோடா தெளிப்பதிலும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதிலும் நிமிடங்கள் கரைகின்றன. ரத்தம் போகாத மூளை நாலைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று அந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் 108ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடட்டும். விழுந்தவரைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கட்டிலும் ஷேர் ஆட்டோ இருக்கையும் உதவா, அழுத்தம் மெத்தையோடு போய்விடும். பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஊன்றி, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் மார்பு உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழும்ப விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். விலா எலும்பு முறியலாம். முறிந்த எலும்பு பிறகு ஒட்டிக்கொள்ளும், நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், கை சோர்ந்தால் ஆழம் குறைந்துவிடும். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. என்ற தானியங்கிக் கருவி கிடைத்தால் கொண்டுவரச் சொல்லி, அது பேசுவதைக் கேட்டு அப்படியே செய்யுங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு 2 முறை மூச்சு ஊதலாம். பயிற்சி இல்லாதவருக்கு அழுத்தம் மட்டுமே போதும்.

காசிமேட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கடலிலிருந்து தூக்கியவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. வயிற்றில் இருப்பது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்க அதுவே வழி செய்துவிடும். நீரில் மூழ்கியவரின் இதயம் காற்றில்லாமல்தான் நின்றது. எனவே ஊதத் தெரிந்தவர் இருந்தால் முதலில் மூச்சு, பிறகு அழுத்தம். யாருக்கும் தெரியாவிட்டால் அழுத்தத்தையாவது உடனே தொடங்க வேண்டும்.