கல்லுக்கு முன்னால் தூரிகை

டைட்டானிக் படத்தின் ஆங்கில போஸ்டரில் பெயர் எழுதியிருக்கும் விதம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாமே பெரிய எழுத்து, நுனிகளில் கூரான சின்னப் பாதங்கள், பார்த்தாலே ஒரு ராஜகளை. அந்த எழுத்துருவின் பெயர் டிராஜன். அடோபி நிறுவனத்துக்காக கேரல் டுவாம்ப்ளி 1989இல் வடிவமைத்தது. அவருக்கு மாதிரியாக இருந்தது, ரோமில் கி.பி. 113இல் எழுந்த டிராஜன் தூணின் பீடத்தில், வாசலுக்கு மேலே வெட்டியிருக்கும் ஆறு வரிக் கல்வெட்டு.

அந்த நுனிப் பாதங்களைத்தான் செரிஃப் என்கிறோம். உளியால் கோட்டை நறுக்கென்று முடிக்கக் கல்தச்சர்கள் கண்ட வழி அது என்ற கருத்து வெகுகாலம் நிலவியது. எட்வர்டு கேடிச் இதை மறுத்தார். அமெரிக்கப் பாதிரியார், அதற்கு முன் சிகாகோவில் விளம்பரப் பலகை எழுதியவர். முதலில் தட்டைத் தூரிகையால் கல்லில் எழுதிக்கொண்டு, அதன்மேல்தான் உளி வைத்தார்கள் என்று 1968இல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார். கோட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தூரிகை லேசாகத் திரும்புகிறதே, செரிஃப் அங்கே பிறக்கிறது. போர்டு எழுதிப் பழகிய கைக்குத்தான் இது பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தட்டை முனை மார்க்கர் ஒன்று இருந்தால் நீங்களே பார்க்கலாம். முனையைப் படுக்கைக் கோட்டிலிருந்து சுமார் 30 பாகை சாய்த்துப் பிடித்து, சாய்வு மாறாமல் ஆங்கில 'ஏ' எழுதுங்கள். இடக்கால் மெலியும், வலக்கால் தடிக்கும், குறுக்குக் கோடு இன்னும் மெலியும். 'ஓ' போட்டால் அதன் பருத்த பகுதி இடப்பக்கம் சற்றுக் கீழேயும் வலப்பக்கம் சற்று மேலேயும் விழும். டிராஜனிலும் அப்படியே. 'என்' மட்டும் ஏமாற்றும்: அதே சாய்வில் எழுதினால் இரண்டு நிமிர்ந்த கோடுகளும் தடித்துவிடும், கல்லிலோ அவை ஒல்லி. எழுதியவர் அங்கே தூரிகையைத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும்.

கல்லில் போல்டு, அதாவது தடித்த எழுத்து, என்று தனியாக எதுவும் கிடையாது. 'வி' வடிவப் பள்ளத்தில் விழும் நிழலே எழுத்தை எடுத்துக்காட்டும். தாளில் நிழல் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கிற போஸ்டரில் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். அதற்குத்தான் போல்டு. ஆனால் கோட்டை மட்டும் பருமனாக்கினால் 'ஏ', 'பி', 'ஆர்' எழுத்துகளின் உள்வெளி அடைந்துவிடும். எனவே எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, தடித்த கோட்டுக்கு அதிகமாகவும் மெல்லிய கோட்டுக்குக் குறைவாகவும் சதை போடுவார்கள். போல்டு வடிவமே இல்லாத எழுத்துருவில் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்: எல்லாப் பக்கமும் ஊதி, செரிஃபின் கூர் மழுங்கி, வீங்கிப்போய் நிற்கும்.

தலைப்புக்கும் நூல் அட்டைக்கும் டிராஜன் அழகு, எழுத்துகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டால். பத்தி பத்தியாக ஓட்டச் சரிப்படாது. அன்றைய ரோமானியர்களிடம் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகள் கிடையாது. 1989 டிராஜனிலும் இல்லை. ஹாலிவுட்காரர்கள் காதல், பேய், சரித்திரம் என்று பார்க்காமல் எல்லாப் படத்துக்கும் இதையே ஒட்டியது எனக்குச் சலித்துவிட்டது.

கல்வெட்டில் எச், ஜே, கே, யூ, டபிள்யூ, ஒய், இஸட் ஆகிய ஏழும் இல்லை. மற்றவற்றைப் பார்த்து டுவாம்ப்ளி உருவாக்கினார். 'டைட்டானிக்' என்ற சொல்லுக்கு வேண்டிய எல்லா எழுத்தும் கல்லில் உண்டு. 'ஹாலிவுட்' என்று ஆங்கிலத்தில் எழுதத்தான் மூன்று எழுத்து குறையும்.