அலியா, டைசனா: நடக்காத சண்டைக்குக் கணக்குப் போடுவது எப்படி?

வடசென்னையில் குத்துச்சண்டை தெரிந்த நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது: முகமது அலியும் மைக் டைசனும் நல்ல ஃபார்மில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய ஊர் இது. 1980 தொடக்கத்தில் அலியே இங்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டிருக்கிறார். பேச்சில் சூடு இருக்கத்தான் செய்யும். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டும் பதில் தேடலாம்.

முதலில் இதைப் பெரிய அளவில் செய்தவர் மர்ரி வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர். 1967ல் பழைய சாம்பியன்களின் விவரங்களை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, வானொலியில் ஒரு கற்பனைப் போட்டி நடத்தினார். அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்ற அலி கோபப்பட்டு வழக்கே போட்டுவிட்டார். அப்புறம் 1969ல் அலியையும் ராக்கி மார்சியானோவையும் நேரில் மோதுவதுபோல் நடிக்க வைத்து, பல விதமான முடிவுகளைப் படம்பிடித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் திரையிட்டபோது 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் ஜெயித்தவர் அலி.

இன்றைக்கு இந்த வேலைக்கு அடிப்படை ஈலோ ரேட்டிங், அதாவது யாரை ஜெயித்தார், யாரிடம் தோற்றார் என்பதை வைத்து ஒரு வீரரின் பலத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் முறை. செஸ் ஊரான சென்னையில் இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். இரண்டு பேருக்கு நடுவே 100 புள்ளி வித்தியாசம் என்றால், மேலே இருப்பவருக்கு 100க்கு 64 வாய்ப்பு. 400 புள்ளி என்றால் 91. எதிர்பாராத வெற்றிக்குப் புள்ளி நிறைய ஏறும், எதிர்பார்த்த வெற்றிக்குக் கொஞ்சம்தான் ஏறும். ஆனால் இந்தப் புள்ளி சொல்வது, மோதிக்கொண்ட கூட்டத்துக்குள் யார் மேலே என்பதை மட்டும்தான். 1966ன் அலியையும் 1988ன் டைசனையும் ஒரே அளவுகோலில் வைக்க, இருவரையும் இணைக்கும் சண்டைகள் வேண்டும்.

அப்படிப்பட்ட சண்டைகள் இருக்கின்றன. 1951ல் ஜோ லூயிஸை மார்சியானோ வீழ்த்தினார். 1955ல் மார்சியானோவிடம் தோற்ற ஆர்ச்சி மூர், 1962ல் இளம் அலியிடமும் தோற்றார். 1980 அக்டோபரில் அலி லாரி ஹோம்ஸிடம் தோற்றார். 1988ல் ஹோம்ஸ் நாலாவது ரவுண்டில் டைசனிடம் விழுந்தார். லூயிஸிலிருந்து டைசன்வரை சங்கிலி அறுபடவே இல்லை.

இந்தச் சங்கிலியை வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்சியானோவிடம் தோற்றபோது லூயிஸுக்கு 37. அலியிடம் தோற்ற மூர் 45 வயதுக்குக் குறையாதவர். அலிக்கு அப்போது 20. ஹோம்ஸிடம் தோற்ற அலிக்கு 38. டைசனிடம் தோற்ற ஹோம்ஸுக்கும் 38, டைசனுக்கு 21. காலத்தைக் கடந்து இணைக்கும் சண்டை பெரும்பாலும் ஓயப்போகிற பழையவருக்கும் ஏறிவரும் புதியவருக்கும் நடுவில்தான் நடக்கிறது. வயதைக் கணக்கில் எடுக்காமல் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடப் பெரியது என்று வந்து நிற்கும். இந்த வாதத்தில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் சென்னை பார்த்த அலிக்கும் வயது 38 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்ய வயது வளைகோடு போடுவார்கள். நிறைய வீரர்களின் ரேட்டிங் எந்த வயதில் ஏறி எந்த வயதில் இறங்குகிறது என்று சராசரி எடுத்து, 38 வயது அலியிடம் குறைந்துபோனதைத் திருப்பிச் சேர்ப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 38 வயதுவரை ரிங்கில் நிற்பவர்கள் ஏற்கெனவே உறுதியானவர்கள். சீக்கிரம் தளர்ந்தவர்கள் எப்போதோ விலகியிருப்பார்கள். அதனால் வளைகோடு உண்மையைவிட மெதுவாக இறங்குவதுபோல் காட்டும், பழையவருக்குச் சேரவேண்டியது முழுதாகச் சேராது.

அடுத்தது ஸ்டைல். 1971ல் அலியை ஃப்ரேசியர் ஜெயித்தார். 1973ல் ஃப்ரேசியரை ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். 1974ல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை அலி நாக்அவுட் செய்தார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து இந்தச் சுற்றை விளக்க முடியாது. யார் யாருக்கு ஒத்துவருவார் என்பதைத் தனியாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

விதிகளும் முடிவை மாற்றும். 1952ல் ஜெர்சி ஜோ வால்காட்டோடு மோதிய மார்சியானோ, 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 13ஆவது ரவுண்டில் ஒரே வலது குத்தில் பட்டத்தை எடுத்தார். இன்றைய 12 ரவுண்டு விதியில் அது தோல்வி. அவர் எடையும் சுமார் 85 கிலோதான். இன்று ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான க்ரூஸர்வெயிட் பிரிவில் நிற்பார். ஆனால் உடம்பே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 மே மாதம், தன்னைவிட 15 செ.மீ. உயரமான டைசன் ஃப்யூரியை (இவர் வேறு டைசன், பிரிட்டிஷ் வீரர்) உக்ரைன் வீரர் உசிக் புள்ளிக்கணக்கில் வென்றார்.

இத்தனையையும் சேர்த்த பிறகும் கிடைப்பது ஒரு வாய்ப்பளவுதான். ஒவ்வொரு ரவுண்டையும் ஜெயிக்க ஒருவருக்கு 100க்கு 55 வாய்ப்பு என்று வையுங்கள். நாக்அவுட்டை விட்டுவிட்டு 12 ரவுண்டுக்குக் கணக்குப் போட்டால், 100 சண்டையில் அவர் ஜெயிப்பது சுமார் 53, சமன் 21, தோற்பது 26. ஆகவே கம்ப்யூட்டரில் ஒரே ஒரு சண்டையை ஓட விட்டு முடிவு சொல்வதில் அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கில் ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, என் கணிப்பு. 1966ன் அலி, 1988ன் டைசன், 12 ரவுண்டு. அலியின் பலவீனம் இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து): 1963ல் கூப்பரும் 1971ல் ஃப்ரேசியரும் அதால்தான் அவரைத் தரையில் விழவைத்தார்கள். குனிந்து உள்ளே புகுந்து ஹூக் போடுவது டைசனின் உயிர். அதனால் முதல் நாலு ரவுண்டு டைசனுடையது. டைசனின் பலவீனம் நீண்ட ஜாப் (கையை நேராக நீட்டிப் போடும் வேகமான குத்து): 1990ல் டோக்கியோவில் டக்ளஸ் அதை வைத்தே அவரைத் தளரவைத்தார். ஐந்தாவது ரவுண்டைத் தாண்டிவிட்டால் அலியின் ஜாபும் கால்களும் பேசும். 100க்கு 60 அலிக்கு என்பேன். டைசன் ஒருநாளும் 12 ரவுண்டுக்கு மேல் போனதில்லை என்பதால், சண்டை 15 ரவுண்டு என்றால் 65.